கடைவீடு எழுமுன் பட்டாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீடோங் வட்டாரத்தில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாலைகளில் கீழே கடை, மேலே அடுக்குமாடி வீடு என்று கட்ட யாராவது விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று காட்டும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியென்றால், மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி அவர்களுக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பு வர வேண்டும். கிடைத்த 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். இடையில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இருந்தாலும் அதற்கு அப்பால் உள்ளதும் பக்கத்து நிலம்தான். திட்டம் உள்ள பகுதியில் இந்த அறிவிப்பை எதிர்பார்க்க முடியாது. அந்தத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

நம்மவர்கள் கோட்டை விடுவது பட்டாவில். தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய மனை இன்னும் காலமான அப்பா பெயரிலேயே கிடந்தால், அறிவிப்பும் அவர் பெயருக்கே போகும். நில அலுவலகத்தில் பெயரை மாற்றுவதுதான் முதல் வேலை.

ஆட்சேபக் கடிதத்தில் “நெரிசல் வரும்” என்று மட்டும் எழுதினால் எடுபடாது. ஒரு வீட்டில் நாலைந்து மாணவர் தங்கினால் மோட்டார் சைக்கிள்கள் எங்கே நிற்கும், குப்பை லோரி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கு எண்ணெய் வடிகட்டும் தொட்டி வரைபடத்தில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இல்லாவிட்டால் கொழுப்பு கால்வாயில் உறைந்து, சாயங்கால மழைக்குத் தண்ணீர் பின்சந்து வீடுகளுக்குள் ஏறிவிடும்.

வாசகர்,
பீடோங், கெடா