உனக்கு மூன்று, எனக்குப் பத்து

ரொறன்ரோ

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி?

மூன்று ஞாயிறாக உன்மேல் கோபமாக இருந்தேன். பொங்கலுக்குத் தொடங்கிய வழக்கப்படி பத்து மணிக்குத் தேநீரோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். நீ எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு அது அடித்தபோது, "ஒரு மணித்தியாலம் பிந்தி எடுக்கிறானே, கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டேன். கடைசியில் "கனடாக்காரருக்கு இப்போது நேரமில்லையோ" என்ற உன் செய்தியைப் பார்த்து மகள்தான் சிரித்தாள். "அப்பா, லண்டனில் இன்னும் மணி மாற்றவில்லையே!"

தவறு என்னுடையது. அமெரிக்காவைப் பின்பற்றி 2007 முதல் நாங்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறே கோடைக்காக மணியை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுகிறோம். நீங்கள் கடைசி ஞாயிறுவரை ஆறுதலாக இருக்கிறீர்கள். அதுவரை நமக்குள் ஐந்து அல்ல, நான்கு மணித்தியாலம்தான்.

ஆனாலும் மணி விஷயத்தில் நீ என்னைப் பேசலாமா? 2003இல் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நாலு மணிக்கு வருகிறேன் என்றவன் யார்? கொழும்பு 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலத்தை முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் கையில் இருந்த வன்னி இரண்டையும் ஏற்கவில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வன்னிக்குள் நுழைந்ததும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவர் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை அரை வட்டம் பின்னே சுற்றியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு உறைக்கவில்லை. அரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். நீ சரியாக நாலு மணிக்கு, உன் நாலு மணிக்கு, சைக்கிளில் சிரித்துக்கொண்டு வந்தாய். 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பியதும், "பார்த்தாயா, நாங்கள்தான் சரி" என்று நீ எழுதிய கடிதத்தை மறந்துவிடுவேனா?

அந்தக் கூத்து நமக்கு மட்டும் நடந்ததல்ல. 2023 மார்ச்சில் லெபனானில் ரமழான் நோன்பை முன்னிட்டு மணி மாற்றுவதை அரசு தள்ளிவைத்தது. அங்குள்ள மரோனைட் கத்தோலிக்கத் திருச்சபை கேட்கவில்லை, தன்பாட்டில் மாற்றியது. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம். பிறகு அரசு இறங்கி வந்தது. ஆஸ்திரேலியாவின் லோர்ட் ஹாவ் தீவிலோ கோடைக்கு அரை மணித்தியாலம் மட்டும் தள்ளுகிறார்கள். நீ பிறந்திருக்க வேண்டிய இடம்.

சிரிப்பு இருக்கட்டும். அம்மாவைப் பற்றி எழுதத்தான் தொடங்கினேன். குசினிச் சுவரில் அவருடைய மணிக்கூடு இன்னும் யாழ்ப்பாண நேரத்தில்தான் ஓடுகிறது. முன்பு மாரியில் பத்தரை, கோடையில் ஒன்பதரை என்று கழித்து நொடியில் இங்கத்தைய நேரம் சொல்வார். போன செவ்வாய் நான் குசினிக்குள் போனபோது இரவுக் குளிசையை விழுங்கிவிட்டுப் படுக்கப் போய்க்கொண்டிருந்தார். சுவரில் ஒன்பதரை. ஜன்னலில் நண்பகல் வெயில். கையைப் பிடித்துக் காட்டினேன். வெயிலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைத்தான் நம்பவில்லை. அதைக் கழற்றிவிடலாம் என்கிறாள் மனைவி. எனக்குக் கை வரவில்லை. நீ என்ன செய்வாய்?

வரும் ஞாயிறு அதிகாலை நீங்களும் மாறிவிடுவீர்கள். உனக்கு மூன்று, எனக்குப் பத்து. அம்மாவையும் பக்கத்தில் இருத்துகிறேன். உன் குரல் அவருக்கு இன்னும் தெரியும். பிந்தாதே.

உன்,
வெயிலில் நின்றவன்