அகமதாபாத்தில் அவர்கள் நன்றாகத் தூங்க வேண்டும்: ஒரு திறந்த மடல்

இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும், 2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை அகமதாபாத்தில் நடத்தவிருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

2024 ஆகஸ்ட் 2 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, நம் விளையாட்டு அமைச்சகம் அங்குள்ள இந்திய வீரர்களின் அறைகளுக்கு 40 ஏசி கருவிகளை அனுப்பிவைத்தது. இங்கே அது நல்ல செய்தியாகவே படிக்கப்பட்டது. நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் கட்டடங்களுக்குக் குளிரூட்டும் ஏற்பாடுகளை வடிவமைப்பதே என் பிழைப்பு என்பதால், செய்தித்தாளை மடித்துவைத்த பிறகும் ஒரு கேள்வி விடவில்லை. பல ஆண்டுகள் யோசித்துக் கட்டப்பட்ட ஒரு குடியிருப்புக்குள், போட்டி தொடங்கியபின் ஏசிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது என்றால், எந்தக் கட்டத்தில் கணக்கு பிசகியது? 2030 போட்டிகள் அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவானதிலிருந்து அது நம் வீட்டுக் கேள்வியாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் அதே நகரைத்தான் நாம் முன்னிறுத்தியிருக்கிறோம் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் அலுவலகங்களில் மொழிபெயர்க்க ஆட்கள் இருப்பார்கள். அந்த அறைகளில் தங்கப்போகும் பிள்ளைகளின் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் பாரிஸ். அந்நகரின் வடக்கே, சேன் ஆற்றங்கரையில் அமைந்த ஒலிம்பிக் கிராமத்தில் ஏசி பொருத்துவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். அதற்குப் பதிலாக, நிலத்தடியின் குளுமையைப் பயன்படுத்திக் குளிர்வித்த நீரைத் தரைக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடவிட்டு, வெளியே இருப்பதைவிட அறைக்குள் குறைந்தது 6 டிகிரி வெப்பம் குறைவாக இருக்கும் என்று வாக்களித்தார்கள். போட்டிகள் முடிந்ததும் ஏறத்தாழ 6,000 பேர் குடியேறும் வீடுகளாக அவை மாற வேண்டியிருந்ததால், இரண்டு மூன்று வாரக் கூட்டத்துக்காக ஆயிரக்கணக்கான ஏசிகளைப் பொருத்துவது அவர்களுக்கு வீணாகத் தோன்றியதில் தவறில்லை. என் கருத்தில் அந்தத் தொழில்நுட்பம் நல்ல தொழில்நுட்பம். அப்படியிருந்தும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி போன்ற அணிகள் தங்களுக்கென்று ஏசி ஏற்பாடு செய்துகொண்டன. அணிகள் கேட்டுப் பெற்ற கருவிகள் மட்டும் சுமார் 2,500 என்று அப்போது செய்திகள் வந்தன. 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்ற இத்தாலிய நீச்சல் வீரர் தாமஸ் செக்கோன், வெப்பத்தையும் சத்தத்தையும் குறைசொல்லிய அதே நாட்களில், கிராமத்துப் பூங்காவின் புல்தரையில் படுத்து உறங்கிய படம் உலகெங்கும் சுற்றியது.

தொழில் தெரிந்தவர்களை உறுத்தியது வேறொன்று. அணிகள் கொண்டுவந்தவை பெரும்பாலும் உருட்டிச் செல்லும் வகை ஏசிகள். அவற்றின் சூடான காற்று ஒரு குழாய் வழியே ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். அதற்காக ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். உள்ளிருந்து காற்று வெளியே தள்ளப்படும்போது அந்த இடத்தை நிரப்ப வெளியே இருக்கும் சூடான, ஈரமான காற்று இடுக்குகள் வழியே உள்ளே வரும். அடைத்துவைத்தால் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும் தரைக் குளிரூட்டலுக்கு இதைவிடப் பெரிய பகை கிடையாது. ஒரே அறையில் இரண்டு ஏற்பாடுகள் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் மின்சாரம் செலவானது.

பணம் உள்ள நாடுகள் குளிர்ச்சியை வாங்கின. இல்லாத நாடுகள் கொடுத்த மின்விசிறியோடு படுத்தன. உகாண்டா ஒலிம்பிக் குழுவின் தலைவர், தங்களுக்கு அந்த வசதிக்குப் பணமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். காமன்வெல்த் போட்டிகளுக்கு வருவோரில் நவுரு, துவாலு போன்ற சின்னஞ்சிறு தீவுகளும் உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். அணியின் பணப்பை தூக்கத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாரிஸில் பிசகியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: ஏசி கிடையாது என்பதை அறிவித்தார்கள், ஆனால் ஒரு வீரருக்கு இரவில் என்ன கிடைக்கும் என்பதை அளந்து உறுதி தரவில்லை. வெளியே இருப்பதைவிட 6 டிகிரி குறைவு என்பது வெளியே எவ்வளவு என்பதைப் பொறுத்த வாக்கு. வெளியே 36 டிகிரி அடித்தால் 30 டிகிரி அறையும் அந்த வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் ஆகும். மறுநாள் ஓட வேண்டியவளுக்கு அதில் பயன் எதுவும் இல்லை. உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். அறை அதற்கு இடம்கொடுக்காவிட்டால் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது, விழிப்பு கூடுகிறது. உங்கள் சங்கத்துக்கு 2022இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.டி. உஷா, 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டவர். ஓர் இரவுத் தூக்கத்தின் மதிப்பை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி நாட்களில் 800 மீட்டர் ஓடியவன் நான். இரண்டு கோடைகளை ஒரு விளையாட்டு விடுதியின் மேல்மாடியில் கழித்தேன். ரெக்ஸின் உறை போட்ட மெத்தையில் முதுகு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி சுற்றும், ஆனால் அனல்தான் இறங்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை அதை இரவு பத்து மணிக்குமேல்தான் எங்கள்மேல் கொட்டத் தொடங்கும் என்பது அப்போது புரியவில்லை; கூரைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒருவன் சொல்வான். மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மொட்டை மாடியில் ஊற்றுவோம், அதுவும் தண்ணீர் இருக்கும் நாட்களில். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கே போய்க் கொசுக்கடியில் படுப்போம். எனவே, ஏசி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போகும் மனிதர்களில் நான் ஒருவன் அல்லன். வீரர்களுக்கு வியர்வை பழகட்டும் என்று பேசுகிறவர்கள் ஒரு மே மாத இரவை அந்த அறையில் கழித்துவிட்டுப் பேசலாம்.

இனி அகமதாபாத். 2016 மே 20 அன்று அங்கே 48 டிகிரி பதிவானது. 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1,344 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடப்பட்டது. அந்தத் துயரத்துக்குப் பின்தான், 2013இல், தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல்திட்டத்தை அந்த மாநகராட்சி கொண்டுவந்தது. போட்டிகளைச் சற்றுத் தணிந்த பருவத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அவற்றுக்காகக் கட்டும் குடியிருப்புகள் அதற்குப் பிறகு ஐம்பது கோடைகளைப் பார்க்கும். அவை பயிற்சி முகாம்களுக்கும் விடுதிகளுக்கும் பயன்பட்டாலும் சரி, வீடுகளாக விற்கப்பட்டாலும் சரி, இன்றைய வரைபடத்தில் ஒரு சன்ஷேடு விடுபட்டால் அந்த ஐம்பது கோடைகளும் மின்கட்டணத்தில் அதைச் சொல்லிக்காட்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான பாடம் தேடி நீங்கள் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. அகமதாபாத்தின் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1980இல் கட்டி முடித்த சங்காத் என்னும் தன் அலுவலகத்தில், தரையைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, வளைந்த கூரைகள்மேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதித்து வெயிலைத் திருப்பி அனுப்பினார். நம் ஊரில் மொட்டை மாடியில் தட்டோடு பாவி, இப்போது அதன்மேல் வெள்ளைப் பூச்சு அடிக்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. அதே நகரில் டோரன்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்தில், கூரைக்கு மேலே எழும் கோபுரங்களின் உச்சியில் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளிக்கிறார்கள்; குளிர்ந்த காற்று கனமாகி, விசிறி எதுவும் தள்ளாமலே கீழே இறங்கித் தளங்களுக்குள் பரவுகிறது; சூடான காற்று ஓரத்துக் கோபுரங்கள் வழியே வெளியேறுகிறது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து வாசலில் தொங்கவிட்ட வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதன் சூத்திரம் புதிதல்ல. செப்ட் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆற்றல் ஆய்வு மையமும் அங்கேதான் இருக்கிறது; இந்தியர்கள் எந்த வெப்பநிலையில் இதமாக உணர்கிறார்கள் என்பதை நம் கட்டடங்களிலேயே அளந்து அவர்கள் வகுத்த முறை, 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. பக்கத்தில் காந்திநகரில், கிஃப்ட் சிட்டி என்னும் நிதி வணிக நகரில், பல கட்டடங்களுக்கு ஒரே நிலையத்திலிருந்து குளிர்ந்த நீரைக் குழாயில் அனுப்பும் ஏற்பாடு இயங்குகிறது.

இவற்றில் ஒன்றை எடுத்து அப்படியே ஒட்டினால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர் தெளித்துக் குளிர்விப்பது ஏப்ரலிலும் மே மாதத்திலும், காற்று காய்ந்திருக்கும்வரை, அற்புதமாக வேலை செய்யும். பருவமழை வந்து காற்றே ஈரமானபின் அது அறையைக் குளத்துக்கரையாக்கும். டோரன்ட் மையமும் மழைக்காலத்தில் தெளிப்பை நிறுத்திவிட்டு விசிறிகளை நம்புகிறது. கூரையிலோ தரையிலோ குழாய் பதித்துக் குளிர்நீர் ஓடவிடும் முறைக்கும் ஈரம்தான் எதிரி: காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், குளிர்ந்த தளம் ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல வியர்க்கத் தொடங்கிவிடும். அதனால் அந்த முறையோடு, வெளியிலிருந்து எடுக்கும் காற்றின் ஈரத்தை நீக்கி அறைக்குள் அனுப்பும் தனி ஏற்பாடும் கட்டாயம் இருக்க வேண்டும். இது செய்ய முடிந்த வேலைதான். ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தை இரண்டு ஒத்த பாதிகளாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ஏசியும் மற்றதில் குழாய்வழிக் குளிர்நீரும் வைத்து 2011 முதல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குளிர்நீர்ப் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைவாகச் செலவழித்தது. தூங்கும் அறைக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு: கம்ப்ரசர் உறுமல் கேட்காது, முகத்தில் குளிர்காற்று அடிக்காது.

ஆகவே நான் கேட்பது, ஏசியைத் தடைசெய்யுங்கள் என்பதல்ல. அகமதாபாத்தில் ஏதாவது ஒரு வடிவில் எந்திரக் குளிர்ச்சி தேவைப்படும். அதை மறுப்பது நேர்மையாகாது. அது கடைசியில் வர வேண்டும், குறைவாக வர வேண்டும், எல்லாருக்கும் பொதுவாக வர வேண்டும். முதலில் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குச் சுவரில் படுக்கையறை ஜன்னல் வேண்டாம். வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே மறியுங்கள், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலை திருப்பி அனுப்பாது. கூரை வெள்ளையாகவும், அடியில் வெப்பத்தடுப்புடனும் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே நல்ல மின்விசிறி இருக்கட்டும்: புதிய வகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகிறது, ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கிறது, விசிறிக் காற்றோ உடலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோன்ற இதத்தைத் தருகிறது. இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் வெப்பத்துக்கு மட்டும் பொது நிலையத்திலிருந்து குளிர்நீர் வரட்டும். அறைக்கு அறை ஸ்பிளிட் ஏசி மாட்டி, அவற்றின் வெளிப்பெட்டிகள் குறுகிய சந்தில் ஒன்றன் முகத்தில் ஒன்று அனலை ஊதிக்கொண்டிருக்கும் காட்சியை நம் எல்லா நகரங்களிலும் பார்த்துவிட்டோம். அங்கே ஏசியின் திறனும் குறைகிறது, கீழே நடப்பவனும் வேகிறான்.

பணிக்கான ஒப்பந்த ஆவணத்தில் ஒரு வரி இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை, வெளியே எப்படி இருந்தாலும், எந்த அணியின் எந்த அறையிலும் வெப்பநிலை 26 டிகிரியையும் ஈரப்பதம் 60 சதவீதத்தையும் தாண்டாது என்பதே அந்த வரி. இந்த எண்கள் என் கணிப்பு. விளையாட்டு மருத்துவர்கள் திருத்தலாம். ஸ்காட்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள் இன்னும் குளிராகக் கேட்பார்கள், அவர்களுக்காக அறைக்குள்ளேயே சில டிகிரி கூட்டிக் குறைக்கும் வசதி வையுங்கள். ஆனால் எண் ஏதாவது ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான், வெளியிலிருந்து ஏசி கொண்டுவரக் கூடாது என்று பணக்கார அணிகளிடம் சொல்லும் தகுதி உங்களுக்கு வரும்.

2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லியில், அக்ஷர்தாம் அருகே கட்டிய வீரர்கள் குடியிருப்பைப் போட்டி நெருங்கிய வேளையில் முதல் அணிகள் வந்து பார்த்தபோது, அசுத்தம் பற்றியும் முடியாத வேலைகள் பற்றியும் எழுந்த புகார்கள் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த நிலை வராமலிருக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. முழுக் குடியிருப்பையும் கட்டத் தொடங்கும் முன்பே, கடைசி மாடியில் மேற்கு ஓரம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மாதிரி அறைகளை உண்மையான அளவில் கட்டுங்கள். வரும் மே மாதத்தில் ஒரு வாரமும், மழை ஈரம் உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டில் ஒரு வாரமும், பயிற்சியில் இருக்கும் வீரர்களையும் வீராங்கனைகளையும் அங்கே தங்கவையுங்கள். ஒவ்வொரு மணி நேர வெப்பநிலையையும், ஈரப்பதத்தையும், மின்செலவையும், காலையில் அவர்கள் சொல்வதையும் அப்படியே பொதுவில் வெளியிடுங்கள். அந்த ஏட்டைப் படிக்கக் காத்திருக்கிறேன். கூரையில் எங்கே தவறு நடந்தது என்று பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால், என் செலவிலேயே வந்து அந்த மேல்மாடி அறையில் ஓர் இரவு படுக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மேல்மாடி விடுதியில் இரண்டு கோடைகள் கழித்த ஒரு பொறியாளன்,
மதுரை