கரோல் பாக் பாட்டுகளும் அந்நாளைய பயங்களும்

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள ராமச்சந்திரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் மலைக்கோட்டைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருப்பது பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

உன் பேத்தி எண்பதுகளின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "அப்போது உங்களுக்குக் கவலையே இருந்திருக்காது, தாத்தா" என்றாளாமே. நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. அந்தக் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை.

தில்லி கரோல் பாக்கில் நாம் குடியிருந்த பர்சாதியில், அதாவது மொட்டைமாடி அறையில், இருந்தது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். காலையில் அதில் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரல் எழும்போது, தமிழ்நாடே கேட்கும் அந்தச் செய்தி நாம் இருக்கும் ஊரிலிருந்துதான் போகிறது என்பதில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை. பாட்டுக்கு அஜ்மல்கான் சாலைக்குப் பின்னால் கேசட் பதிவு செய்து கொடுத்த சர்தார்ஜி இருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இசைத்தட்டின் எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்று நாம் எண் போட்டுக் கொடுப்போம். ஆனாலும் இளையராஜாவின் வயலின்கள் ஒன்றாக எழும் இடம் வந்தால் கைவேலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். கடைசியில் நாடா மிஞ்சினால் அதை வெறுமையாக விட மனமில்லாமல் ஒரு பஞ்சாபிப் பாட்டின் பாதியைப் பதிந்து கொடுப்பார், காசு வாங்காமல்.

1984 அக்டோபர் 31 அன்று காலையில் இந்திரா காந்தி தம் சீக்கியப் பாதுகாவலர்களால் சுடப்பட்டார். மாலைவரை வானொலி அவர் இறந்ததைச் சொல்லவில்லை. அதன்பின் சோக வாத்திய இசைதான். அடுத்த நாட்களில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். மிகக் கொடிய கொலைகள் நடந்த திரிலோக்புரி என் இப்போதைய வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நம் கேசட் கடை சர்தார்ஜியின் நினைவு வரும். அந்தக் கலவரத்துக்குப் பின் அவர் கடையின் ஷட்டர் இறங்கியே கிடந்தது. குடும்பத்தோடு லூதியானாவுக்குப் போய்விட்டார் என்பதற்கு மேல் பக்கத்துக் கடைக்காரருக்கும் எதுவும் தெரியவில்லை.

1985 மே மாதத்தில் சீக்கியத் தீவிரவாதிகள் டிரான்சிஸ்டருக்குள் குண்டு வைத்துப் பேருந்துகளிலும் பொது இடங்களிலும் போட்டார்கள். பாட்டுப் பெட்டியைக் கண்டாலே ஊர் நடுங்கிற்று. இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு உட்காருவதே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடையில் உன் அப்பாவுக்கென்று வாங்கிய டிரான்சிஸ்டரை, சக பயணிகள் பயப்படக் கூடாது என்று பைக்குள் வைக்காமல், சென்னை போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயிலில் மடியில் வைத்துப் பாட விட்டுக்கொண்டே போனாயே, அதைப் பேத்தியிடம் நீ சொன்னதுண்டா? 'சிந்து பைரவி' வந்ததும் அதே ஆண்டுதான். இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த அந்தப் பாட்டுகளை, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பி, கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் நாம் கேட்டோம். அவள் கேட்டு மகிழும் இனிமை உண்மையானது. நாம் அப்போது பட்ட அச்சமும் உண்மையானது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் அவளுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கேசட்டுகளில் நான்கு இன்னும் ஓடுகின்றன. அவற்றைக் கைபேசிக்கு மாற்றித் தர எதிர்வீட்டுப் பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். உறையின் மேல் இருந்த எழுத்து அழிந்துவிட்டது. எந்தப் பக்கத்தில் என்னென்ன பாட்டுகள் என்று நினைவிருந்தால் எழுதி அனுப்பு. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
கோபாலன்