பரணில் கிடக்கும் மலைநாட்டுப் படங்கள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில் உள்ள கிழக்கு கென்டக்கியின் லெட்சர், நாட், பெரி, பிரெதிட் மாவட்டங்களில் பழைய புகைப்படங்கள் வீட்டுப் பரண்களிலும் காலணிப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. கண்ணாடித் தகடு, பிலிம் நெகட்டிவ், அச்சுப் படம் என்று எல்லா வகையும் உண்டு. அவற்றைத் தூசி நீக்கி, உரிய உறையிலிட்டு, ஸ்கேன் எடுத்து, படத்தில் இருப்பவர் யார், இடம் எது என்று ஊர் முதியவர்களிடம் கேட்டுப் பதிந்து, உரியவரிடமே திருப்பித் தருவது எங்கள் பணி. தேவை 11,350 டாலர். 3,900 டாலர் சேர்ந்துவிட்டது. மீதி 7,450 டாலருக்காக இதை எழுதுகிறோம்.

இதே வேண்டுகோள் ஆங்கிலத்தில் ஊர் நூலகங்களிலும் தேவாலயங்களிலும் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. இந்த மலைப்பகுதி மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் பழைய வீடுகளை வாங்குகிறார்கள். வீட்டோடு பரணும் வருகிறது, பரணோடு முன்பிருந்தவர் விட்டுப்போன பெட்டியும் வருகிறது. அந்தப் பெட்டி குப்பை வண்டிக்குப் போகாமல் எங்களிடம் வர வேண்டும். பணம் கொடுக்க இயலாதவர்கள் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

அப்பலாச்சிய மலைநாட்டுப் படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை அரசுக்காக எடுத்தவை. 1935இல் வாக்கர் எவன்ஸும் பென் ஷானும் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்காட்ஸ் ரன் சுரங்கக் குடியிருப்புகளை எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்தர் ரோத்ஸ்டைன், ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்காக வெளியேற்றப்படவிருந்த புளூ ரிட்ஜ் குடும்பங்களை எடுத்தார். 1940இல் மேரியன் போஸ்ட் வால்காட் பிரெதிட் மாவட்டத்துக்கு வந்து, ஓடைப் படுகையையே சாலையாக்கிப் போகும் மக்களைப் படம்பிடித்தார். இவையெல்லாம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் கொண்ட தொகுப்பில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றுக்கு எங்கள் உதவி தேவையில்லை.

ஆனால் அந்தப் படங்களில் இரண்டு குறைகள் உண்டு. வறுமையைக் காட்டி நிவாரணத் திட்டத்துக்கு ஆதரவு தேடவே அவை எடுக்கப்பட்டன, ஆகவே கிழிந்த சட்டையும் சாய்ந்த திண்ணையுமே திரும்பத் திரும்ப வருகின்றன. இன்னொன்று, குறிப்புகளில் பெரும்பாலும் பெயர் கிடையாது. 'சுரங்கத் தொழிலாளியின் மனைவி', 'மலைவாசிக் குடும்பம்' என்பதோடு நின்றுவிடும். வாஷிங்டனில் அந்தப் புகைப்படப் பணியை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர், வேண்டாமென்று தள்ளிய பல நெகட்டிவ்களில் துளையே போட்டார். எது மிஞ்ச வேண்டும் என்பதை வெளியார்தான் முடிவுசெய்தார்கள்.

பரணில் இருப்பவை வேறு ரகம். ஊர் ஊராகப் போன புகைப்படக்காரர் வீட்டு முன் ஒரு போர்வையைப் பின்திரையாகக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை உடையில் குடும்பத்தை நிறுத்தி எடுத்தவை அவை. ஓடையில் ஞானஸ்நானம், கல்லறையில் பூ வைக்கும் நாள் கூட்டம், கோவேறு கழுதை சுற்றிவர இனிப்புச் சோளத் தண்டில் சாறு பிழியும் ஆலை, பாகு காய்ச்சும் அகன்ற தட்டு, நூலில் கோத்து உத்தரத்தில் காயவிட்ட பீன்ஸ், கம்பைச் சுற்றிக் குவித்த வைக்கோல் போர், நிலக்கரி நிறுவனத்தின் கடை என்று அன்றாட வாழ்க்கை அப்படியே இருக்கிறது. தங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த மக்களே தீர்மானித்த படங்கள் இவை. அதனால்தான் இவற்றை முதலில் காப்பாற்ற வேண்டும் என்கிறோம்.

காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜ் மாசாவை நினைத்தால் போதும். ஜப்பானில் பிறந்து 1915இல் வட கரோலைனாவின் ஆஷ்வில்லுக்கு வந்தவர். கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்மோக்கி மலைகளில் ஏறி இறங்கினார். மிதிவண்டிச் சக்கரத்தில் அளவுமானி பொருத்தி, அதை உருட்டிக்கொண்டே நடைபாதைகளை அளந்தார். 1934இல் அங்கே தேசியப் பூங்கா அமைய அவர் படங்கள் பெரிதும் துணைநின்றன. அதைப் பார்க்காமல் 1933இலேயே இறந்துபோனார். அவருடைய நெகட்டிவ்களில் பல காணாமல் போய்விட்டன.

இதுவரை நாங்கள் எண்ணி முடித்தவை: கண்ணாடித் தகடு 620, நைட்ரேட் பிலிம் 340, அசிட்டேட் பிலிம் 2,100. ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு, ஆகவே செலவும் வேறு.

கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கம் பளபளக்கும். மற்றப் பக்கம் மங்கலாக இருக்கும், அதுதான் ஜெலட்டின் பூச்சு, படம் அதில்தான் இருக்கிறது. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் பூச்சு ஓரத்திலிருந்து உரியும். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடித்தகடு பாரம் தாங்காமல் விரிசல்விடும். 5க்கு 7 அங்குலத் தகடு ஒன்றே 100 கிராமுக்கு மேல் இருக்கும் என்பதால் ஒரு பெட்டியில் 25க்கு மேல் வைப்பதில்லை. நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தித்தான் வைக்க வேண்டும். நான்கு மடிப்புகள் கொண்ட, அமிலமில்லாத காகித உறைதான் தகட்டுக்கு ஏற்றது. சாதாரண கவரில் தகட்டை உருவி எடுக்கும்போது பூச்சு உராயும், கவரின் நடுவே உள்ள பசைத் தையல் படத்தில் கோடாகப் பதியும். உடைந்த தகட்டை மட்டும் அட்டையில் பள்ளம் வெட்டிப் படுக்கவைக்கிறோம். துண்டுகளை டேப் போட்டு ஒட்டவே கூடாது.

நைட்ரேட் பிலிம் தீப்பற்றும். பற்றினால் ஆக்சிஜனையும் அதுவே உண்டாக்கிக்கொள்வதால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. முதலில் மஞ்சளாகும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புப் பொடியாகும். இது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் அரிக்கும். ஆகவே இதற்குத் தனி ஃப்ரீசர், தனி அறை. பிசுபிசுப்பு நிலையைத் தாண்டியவற்றைப் பிரதி எடுத்த பின், அபாயப் பொருள் ஏற்ற உரிமம் உள்ளவரைக் கொண்டே அப்புறப்படுத்த முடியும். தபாலில் அனுப்புவது சட்டப்படியும் தவறு, ஆபத்தும்கூட.

அசிட்டேட்டின் விளிம்பில் பெரும்பாலும் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருக்கும். தீ விஷயத்தில் மட்டும்தான் அது பத்திரம். கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். அடிப்படலம் சுருங்கும், மேலுள்ள ஜெலட்டின் சுருங்காது, ஆகவே படம் வரிவரியாகப் புடைத்து எழும்பும். அந்த நிலைக்குப் போனபின் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பெட்டிக்குள் ஒரு சோதனைத் தாளை வைத்தால் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மாறும். 0 முதல் 3 வரையான அளவில் 1.5ஐத் தொட்டால் சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். அதன்பின் குளிர் ஒன்றுதான் வழி. கோடையில் கொதிக்கும் பரண் அந்த வேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

ஃப்ரீசரில் அப்படியே போட்டால் வேறு கேடு வரும். நெகட்டிவ் பெட்டியை ஈரப்பதம் காட்டும் அட்டையோடு ஒரு கெட்டியான பாலிதீன் பையிலும், அதை இன்னொரு பையிலும் இட்டுக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். வெளியே எடுத்தால் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த பிலிம்மீது நீர் முத்துகள் கோத்து ஜெலட்டின் இளகும். கண்ணாடித் தகடுகளை ஃப்ரீசரில் வைப்பதில்லை.

2022 ஜூலை 28 வெள்ளம் நினைவிருக்கும். கென்டக்கி ஆற்றின் வடகிளை ஒரே இரவில் ஏறியது. அந்த வெள்ளம் மொத்தம் 40க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 1969இல் ஒயிட்ஸ்பர்கில் தொடங்கிய ஆப்பல்ஷாப் ஊடக மையத்தின் ஆவணக் காப்பகத்திலும் தண்ணீர் புகுந்தது. முறையாகக் காத்துவந்த காப்பகத்துக்கே அந்த நிலை என்றால், ஓடைக்கரை வீடுகளில் இருந்த படங்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த அச்சுப் படங்கள் ஒட்டிக் காயும்முன் குளிர்ந்த சுத்தமான நீரில் பிரித்து அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி காயவைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முடியாதென்றால் உறையவைக்கலாம். சேற்றைத் துணியால் துடைத்தால் சேற்றோடு படமும் வந்துவிடும். இந்த மூன்றையும் உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

ஸ்கேன் என்று சொன்னாலும் உண்மையில் கேமராவால்தான் எடுக்கிறோம். நிற மாற்றமில்லாத ஒளிப்பலகைமேல் தகட்டை வைத்து, சுற்றிலும் கறுப்பு அட்டையால் மறைத்து, மேலிருந்து மேக்ரோ லென்ஸால் எடுப்பது முறை. மேல் கண்ணாடி வைத்து அழுத்தினால் படத்தில் வானவில் வளையங்கள் விழும், ஆகவே ஓரத்தை மட்டும் பிடிக்கும் சட்டம் தேவை. கேமரா சரிமட்டத்தில் இருக்கிறதா என்று ஒளிப்பலகைமேல் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி வைத்துப் பார்ப்போம். லென்ஸின் பிம்பம் நடுவில் தெரிந்தால் சரி, இல்லையென்றால் ஒரு மூலை மங்கும். தூசியை ஊதுகுமிழால் ஊதுகிறோம். பளபளக்கும் பக்கத்தை மட்டும் காய்ச்சி வடித்த நீரும் எத்தனாலும் சரிபாதி கலந்து, பஞ்சால் ஒற்றி எடுக்கிறோம். பூச்சுப் பக்கத்தில் ஈரம் படவே கூடாது. 5க்கு 7 தகடு அங்குலத்துக்கு 1,200 புள்ளி, 16 பிட் அளவில் சுமார் 100 எம்பி வரும். மூன்று பிரதிகள் வைக்கிறோம், அதில் ஒன்று வேறு ஊரில்.

இத்தனையும் பணம் இருந்தால் முடியும். பணத்தால் மட்டும் முடியாதது பெயர். நெகட்டிவ் ஃப்ரீசரில் பல தலைமுறைகளுக்கு இருக்கும். 1938இல் ஒரு திண்ணையில் நின்ற பெண் யார் என்று சொல்லக்கூடிய 90 வயதுப் பாட்டி அடுத்த குளிர்காலம் வரை இருப்பாரா தெரியாது. அதனால் ஸ்கேன் முடிந்த அதே வாரம் பெரிய அச்சு போட்டு எடுத்துப்போய்க் காட்டுகிறோம். கணினித் திரையைவிடக் கையில் பிடிக்கும் தாளில்தான் முதியவர்களுக்கு முகம் பிடிபடுகிறது. அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, இரண்டாவது ஒருவர் ஒத்துக்கொண்ட பெயரை மட்டும் உறுதியானது என்று குறிக்கிறோம்.

பெயர் கிடைக்காத படத்திலும் காலத்தைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. குளிருக்காகச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை உருப்பெருக்கிப் படித்தால், படம் அந்தத் தேதிக்குப் பிந்தியது என்பது உறுதி. வண்டியின் எண்பலகையில் ஆண்டு இருக்கும். மலைமுகட்டில் இலையில்லாமல் வெள்ளையாக நிற்கும் பெரு மரங்கள் அநேகமாகப் பட்டுப்போன அமெரிக்கச் செஸ்ட்நட். 1904இல் நியூயார்க்கில் கண்டறிந்த பூஞ்சை நோய் தெற்கே பரவி, 1940 வாக்கில் இம்மலைகளின் செஸ்ட்நட் காடுகளை அழித்துவிட்டது. எழுத்தும் சட்டைப் பொத்தானும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்து, படம் இடவலம் மாறவில்லை என்பதையும் உறுதிசெய்கிறோம்.

இனிக் கணக்கு. உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் 1,840 டாலர். சோதனைத் தாள் 70. ஃப்ரீசர் இரண்டு 1,900, பையும் ஈரப்பத அட்டையும் 310. கேமரா இரவலாகக் கிடைத்திருக்கிறது. தாங்கி, ஒளிப்பலகை, லென்ஸ், சட்டங்கள் சேர்த்து 3,000. கோப்புச் சேமிப்பு 480. நைட்ரேட்டை ஏற்றிச்செல்லவும் அப்புறப்படுத்தவும் 1,350. முதியவர் வீடுகளுக்குப் போகும் பெட்ரோல், அச்சு, ஒலிப்பதிவு 2,400. இந்தக் கடைசித் தொகை அதிகம் என்று சிலர் கேட்டார்கள். குறைக்க மாட்டோம். ஒரு மலையிடுக்கிலிருந்து அடுத்ததற்குப் பறவை போகும் தூரம் 2 மைல் என்றாலும் சாலை மலையைச் சுற்றி 20 மைல் போகும். குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை.

1 டாலர் ஒரு தகட்டுக்கு உறையாகும். 45 டாலர் இருந்தால் 25 தகடுகள் உறையும் பெட்டியுமாக முழுமைபெறும். 950 டாலருக்கு ஒரு ஃப்ரீசர். குறிப்பிட்ட செலவுக்கு என்று எழுதித் தந்தால் அதற்கே செலவிடுவோம், ரசீதின் பிரதி உங்களுக்கு வரும். ஃப்ரீசர்கள் ஜூன் மாத வெயிலுக்கு முன் ஓடத் தொடங்க வேண்டும், ஆகவே முதலில் வரும் பணம் அவற்றுக்குப் போகும். காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்தும் விவரம் இணைப்புத் தாளில் உள்ளது.

பரணில் பெட்டி கண்டால்: துடைக்காதீர்கள், ஒட்டியவற்றைப் பிரிக்காதீர்கள், வரிசையைக் கலைக்காதீர்கள். பழைய கவர் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், அதன் மேலுள்ள பென்சில் எழுத்துதான் சில படங்களுக்கு ஒரே சாட்சி. கார நெடியோ வினிகர் வாடையோ வந்தால் அடுப்பு, ஹீட்டர், வெயில் மூன்றிலிருந்தும் விலக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். வீட்டை விற்றவரின் குடும்பம் தெரிந்தால் அந்தப் பெயரையும் சொல்லுங்கள். நெகட்டிவ் கையில் இருப்பதாலேயே படத்தின் பதிப்புரிமை நம்முடையதாகிவிடாது. சாவு வீட்டுப் படங்களும் குழந்தைகளின் படங்களும் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது.

இப்படிக்கு,
மலைநாட்டுப் புகைப்படக் காப்புக் குழுவினர்