டெசிபல் எண்ணை மட்டும் நம்பி விசிறி வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைக் கணினியின் இரைச்சலைக் குறைப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். தூசி துடைப்பது பற்றிய பகுதி மிகவும் பயனுள்ளது. ஆனால் விசிறி வாங்குவது குறித்து அதில் இரண்டு யோசனைகள் சொல்லப்பட்டுள்ளன. அட்டைப்பெட்டியில் டெசிபல் எண் எதில் குறைவாக இருக்கிறதோ அதை வாங்க வேண்டும் என்பது ஒன்று. விசிறிகள் கூடினால் சத்தமும் கூடும், ஆகவே ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம்பிப் பணத்தையும் சில வாரங்களையும் செலவழித்தவள் என்ற முறையில், உங்கள் வாசகர்களுக்கும் அது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவது என் வேலை. நாள் முழுதும் கணினிக்கு அருகில் மைக்குடன் அமர்ந்திருப்பவர்களுக்கு விசிறியின் சத்தம் சிறு தொந்தரவு அல்ல. நம் காது சில நிமிடங்களில் அதைப் பழகிக்கொண்டுவிடும்; மைக் பழகிக்கொள்வதே இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையே நான் மூச்சு விடும் அந்தச் சிறு இடைவெளியில் அது அப்படியே பதிவாகிவிடுகிறது.

முதலில் டெசிபல் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். அந்த எண் பெரும்பாலும், விசிறியைத் தனியாக, முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடவிட்டு அளந்தது. எவ்வளவு தொலைவில், எத்தனை அமைதியான அறையில் அளந்தார்கள் என்பதைப் பல நிறுவனங்கள் அட்டையில் அச்சிடுவதே இல்லை. எனவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. காற்றின் அளவுக்கும் இதே கதிதான். அட்டையில் உள்ள சிஎஃப்எம் எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது, எதிர்ப்பே இல்லாத வெட்டவெளியில் கிடைப்பது. அதன் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் நிலை அழுத்தம் (தடையை எதிர்த்துக் காற்றைத் தள்ளும் திறன்), காற்று துளியும் நகராதபடி வழியை அடைத்துவிட்டு அளந்தது. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் எந்தக் கேபினெட்டிலும், அதாவது கணினிப் பெட்டியிலும், கிடைக்காது. வலைத்தகடு, தூசி வடிகட்டி, பிராசஸரின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கின் நெருக்கமான தகடுகள் ஆகியவற்றுக்கு இடையே விசிறி இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில்தான் வேலை செய்கிறது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? வேகத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் சத்தம் தோராயமாக 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் கேட்கும் என்பதால் இது மிகப் பெரிய இறக்கம். ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்து ஓடும்போதோ 3 டெசிபல்தான் ஏறும். ஆகவே 1400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1400 சுற்று) ஒரே விசிறி இரைந்துகொண்டு செய்யும் வேலையை, காற்று வழி தாராளமாக இருக்கும் கேபினெட்டில், 700 ஆர்பிஎம்மில் ஓடும் இரண்டு விசிறிகள் சுமார் 12 டெசிபல் குறைவான சத்தத்தில் செய்து முடித்துவிடும். கட்டுரையாளர் ஒன்றோடு நிறுத்தச் சொன்னது இதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. கேபினெட் இடம் கொடுத்தால் 120 மி.மீ. விசிறிக்குப் பதில் 140 மி.மீ. விசிறியைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் இரண்டின் திருகுத் துளைகளும் வெவ்வேறு இடைவெளியில் இருக்கும், முதலதில் 105 மி.மீ., இரண்டாவதில் 124.5 மி.மீ. என்பதால் அளந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

உண்மையில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 300 வாட் வெப்பத்தை வெளியேற்ற, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரி சூடாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 90 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 53 சிஎஃப்எம் போதும். எழுதுவது, பதிவு செய்வது, கணக்குப் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளில் ஒரு கணினி இந்த அளவு வெப்பத்தின் பக்கம்கூட வருவதில்லை. பிராசஸர் 70 டிகிரியைத் தொட்டாலே பலர் பதறிப்போய் விசிறியை முடுக்கிவிடுகிறார்கள். இன்றைய பிராசஸர்கள் பலவும் 95 டிகிரியோ 100 டிகிரியோ வரும்போதுதான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அட்டையில் மிகக் குறைந்த டெசிபல் போட்டிருந்த விசிறிகள் இரண்டை வாங்கி முன்பக்கம் பொருத்தினேன். காதுக்கு அமைதியாகவே இருந்தது. ஆனால் பதிவைக் கேட்டால், நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேலாக ‘உம்… உம்…’ என்று ஏறி இறங்கும் ஒரு முனகல். காரணம் தெரியாமல் பல நாள் தவித்தேன். பிறகு இரு விசிறிகளின் வேகத்தையும் மதர்போர்டின் மென்பொருளில் பார்த்தபோது, ஒன்று 1200, மற்றது 1180 என்று காட்டியது. இரண்டும் ஏழு இறக்கைகள் கொண்டவை. முதலதின் இறக்கைகள் நொடிக்கு 140 முறை காற்றை வெட்டுகின்றன; இரண்டாவதின் இறக்கைகள் 137 முறையும் அதற்குச் சற்று மேலும். நெருங்கிய இரண்டு ஒலிகள் சேரும்போது அவற்றின் வேறுபாடே தனி ஏற்ற இறக்கமாகக் கேட்கிறது. இரண்டு வீணைத் தந்திகள் சுருதி சேரும் முன் அலைவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். இரு விசிறிகளையும் மெதுவாக்கி, வேகங்களுக்கு இடையே 100 ஆர்பிஎம்மாவது இடைவெளி விட்டு வைத்தேன். அன்று மாலையே அந்த முனகல் மறைந்துவிட்டது. இதை எந்த அட்டையும் எனக்குச் சொல்லவில்லை.

விசிறி எத்தனை அமைதியானதாக இருந்தாலும், அதற்கு முன்னே மூச்சுத் திணறும் வழி இருந்தால் பயனில்லை. முன்பக்கம் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் மட்டும் மெல்லிய பிளவு விட்ட கேபினெட்டுகள் பார்க்க அழகானவைதான். அவற்றில் அதே அளவு காற்றுக்கு விசிறி கூடுதல் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. இறக்கைக்கு மிக அருகில் உள்ள தகட்டு வலையும் தனியாக ஒரு கீச்சொலியை எழுப்பும். காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று தெரியாதவர்கள் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்க்கலாம். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

வாங்கும்போது இணைப்பையும் பார்க்க வேண்டும். 4 பின் விசிறியின் வேகம் பிடபிள்யூஎம் என்ற, தனியாக வரும் ஒரு சமிக்ஞையால் மாறுகிறது. 3 பின் விசிறியின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் மாற்ற முடியும். 3 பின் விசிறியைச் செருகிவிட்டு, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) பிடபிள்யூஎம் என்றே அமைப்பை விட்டுவைத்தால் அது எந்நேரமும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். விசிறியே மோசம் என்று நினைத்து அதைக் கழற்றி வைத்துவிட்டவர்களை நான் அறிவேன். விசிறி எவ்வளவு மெதுவாக ஓட முடியும் என்பதையும் கேளுங்கள். அதிகபட்ச வேகத்தைவிட அதுவே அன்றாடம் உதவும்.

விசிறியின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்லீவ் பேரிங் விசிறியைக் கேபினெட்டின் மேல்தளத்தில் படுக்கையாகப் பொருத்தினால் அது விரைவில் தேய்ந்து உறுமத் தொடங்கும். அந்த இடத்துக்கு ஃப்ளூயிட் பேரிங் அல்லது பால் பேரிங் ஏற்றது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி விசிறிகளைப் பற்றி உங்கள் இதழில் மதிப்புரை வெளியிடும்போது, ஒவ்வொன்றையும் முழு வேகத்தில் ஓடவிட்டு ஒப்பிடாமல், ஒரே கேபினெட்டில் எல்லா விசிறிகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் பிராசஸரின் வெப்பம் எத்தனை டிகிரி என்று அச்சிடுங்கள். மைக்கை எவ்வளவு தொலைவில் வைத்து அளந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி