தலைகீழாக ஆணி அடித்தவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஓர் அன்பர், அரூப ஓவியமெல்லாம், அதாவது உருவமில்லாத ஓவியமெல்லாம், பணக்காரர் வீட்டுச் சுவருக்குத்தான், தலைகீழாக மாட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். தெரியும் ஐயா. மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எழுபதுகளில் திருவல்லிக்கேணியில் ஒரு பிளாக் கடையில் வேலை பார்த்தேன். பத்திரிகைப் படங்களுக்கு ஜிங்க் பிளாக் செய்து கொடுக்கும் கடை. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. ஓவியத்தைப் பெரிய கேமராவில் படமெடுத்து, நெகட்டிவை மருந்து பூசிய ஜிங்க் தகட்டில் பதிப்போம். பிறகு நைட்ரிக் ஆசிட் தொட்டி. வெள்ளை இடங்களை ஆசிட் தின்றுவிடும், கறுப்புக் கோடு மட்டும் மேலே நிற்கும். கவனிக்காவிட்டால் கோட்டின் விலாவையும் தின்றுவிடும். அதனால் அவ்வப்போது தகட்டை வெளியே எடுத்து, நாலு பக்கமும் ஆசிட் தாங்கும் சிவப்புப் பொடி தள்ளிச் சூடுகாட்டி, மறுபடி உள்ளே விடுவோம். கடைசியில் மரக்கட்டையில் வைத்து ஆணி அடித்தால் பிளாக் தயார். கூலி சதுர அங்குலக் கணக்கு. புள்ளி புள்ளியாக வரும் ஹாஃப்டோனைவிட லைன் பிளாக் மலிவு. கலர் என்றால் நாலு பிளாக் வேண்டும், சிற்றிதழ்க்காரர்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

நவீன ஓவியர்களின் கோட்டோவியங்கள் அந்தச் சிற்றிதழ்களில்தான் அதிகம் வந்தன. ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் கோடுகளை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான். காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியை நூறு படங்களாக வரைந்தவர் அவர். ஒரே கறுப்பு மையில், கோட்டின் மேல் கோடாக ஏற்றிக்கொண்டே போவார். அந்த நெருக்கத்தை எந்த ஆசிட்டில் காப்பாற்றுவது என்று எங்கள் மேஸ்திரி தலையைச் சொறிவார். பிற்பாடு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கும் ஆதிமூலம்தான் படம் போட்டார். டீக்கடை பெஞ்சில் எண்ணெய்க் கறையோடு கிடந்த பத்திரிகையில் அந்தக் கோடுகள் இருந்தன. பணக்காரர் வீட்டுச் சுவர் என்று இதைச் சொல்ல முடியுமா?

தலைகீழ் கதைக்கு வருகிறேன். ஒருமுறை உருவமே இல்லாத மைச்சித்திரம் ஒன்று வந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். கறுப்புத் திட்டுகள், நடுவில் கீறல் கீறலாகச் சில கோடுகள், அவ்வளவுதான். பின்பக்கம் எழுதியிருந்த அம்புக்குறியைப் பார்க்காமல் கட்டையில் எதிர்ப்பக்கம் 'மேல்' என்று பென்சிலால் குறித்து அனுப்பிவிட்டேன். அச்சகத்தில் டிரெடில் என்ற மிதி அச்சு இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் நாலாம் வகுப்பு தாண்டாதவர். கண்காட்சி எதற்கும் போனவரும் இல்லை. முதல் புரூஃபைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "என்னடா தம்பி, கனமெல்லாம் மேலே நிக்குது? கீழே விழுந்துடும் போல இருக்கே" என்றார். திருப்பிப் பிடித்தார். சரியாக உட்கார்ந்துவிட்டது. அசலைத் தேடி எடுத்து அம்புக்குறியைப் பார்த்தோம். அவர் பிடித்ததுதான் சரி.

ஆதிமூலம் பிறகு பெரிய கேன்வாஸில் வண்ணத்துக்குப் போய்விட்டார். காந்தியும் இல்லை, முன்பு அவர் வரைந்த மகாராஜாக்களும் இல்லை, வெறும் நிறம். முகம் வரையத் தெரியாதவர்கள்தான் அரூபத்துக்குப் போகிறார்கள் என்பவர்கள் அந்த நூறு காந்திகளை ஒருமுறை பார்க்கட்டும். நான் அந்த வண்ணங்களை நேரில் பார்த்தது பல வருஷம் கழித்து, ஒரு காட்சிக்கூடத்தில். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே, கிட்டே போனால் வண்ணம் சுவர்ப்பூச்சு மாதிரி தடித்து நிற்கிறது. காவிக்கு அடியில் போட்ட நீலம் ஓர் ஓரத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. எட்டடி பின்னால் வந்தால் அந்த நீலம்தான் படம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இது எந்த பிளாக்கிலும் வராது என்று அன்றைக்குத் தெரிந்தது. கோடு டீக்கடைக்கு வந்தது, நிறம் வரவில்லை.

சென்னையை அடுத்த இஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரோடு சேர்ந்து சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர்கள், வயிற்றுப்பாட்டுக்குப் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். விற்பதற்காக ஓவியத்தை மாற்றி வரைய வேண்டாம் என்று. வரைகிறவர்கள் இத்தனை பாடுபட்டிருக்கும்போது, காட்டுகிற வேலையில் நாம் கொஞ்சம் சோம்பல்தான்.

இப்போது கலர் அச்சிட நாலு பிளாக் வேண்டாம். இருந்தும், கோபித்துக்கொள்ளாதீர்கள், தங்கள் ஞாயிறு இணைப்பில் கண்காட்சிச் செய்தி வந்தால் ஓவியர் படம் நாலு அங்குலம், ஓவியம் தபால்தலை அளவு. போன மாதம் வந்த ஒன்றில் விளம்பரத்துக்கு இடம் விட வலது ஓரத்தையே வெட்டியிருந்தீர்கள். அரூப ஓவியத்தில் ஓரத்தை வெட்டுவது காந்தி படத்தில் கைத்தடியை வெட்டுவது போல. மாதம் ஒரு முறை அரைப்பக்கம் கொடுங்கள். ஓவியத்தை முழுதாகப் போடுங்கள். எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்த வருஷம், எங்கே போனால் பார்க்கலாம், இது போதும். விளக்கக் கட்டுரை வேண்டாம்.

நான் கெடுத்த அந்தச் சித்திரத்தின் புரூஃப் ஒன்று இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே என்று குறிக்கவில்லை. கடிதம் எழுதிய அன்பரிடம் காட்டுங்கள், அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாக் தொழிலாளி,
திருவல்லிக்கேணி, சென்னை - 5.