நெட்டையன் இனிப் புல் தின்னமாட்டான்

அன்புள்ள பெற்றோருக்கும் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நெட்டையன் என்ற டைனோசர் ஒரு சிறுமியோடு நட்பாகும் கதையை நம் கடையில் வாங்கிச் சென்றீர்கள் அல்லவா? அந்தப் படப் புத்தகத்தின் முதல் பதிப்பில் 8, 9ஆம் பக்கங்களில் ஒரு பிழை இருக்கிறது. பிழை எங்களுடையது. இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டோம்.

பிழையைக் கண்டுபிடித்தது தொடக்கநிலை 1 படிக்கும் ஒரு பிள்ளை. பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அம்மாவோடு போனவள், நம் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள். மறுநாள் கடைக்கு வந்து கேட்டாள்: "நெட்டையன் புல்லு திங்கிறான். அவங்க காலத்துல புல்லு இருந்துச்சா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவள் சந்தேகம் சரி என்று. அந்த அரும்பொருளகத்தில் இருக்கும் பிரின்ஸ், அப்போலோனியா, டுவிங்கி ஆகிய மூன்று எலும்புக்கூடுகளைப் பார்த்துத்தான் நெட்டையனை வரைந்தோம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டியெடுத்தவை அவை. பிரின்ஸ் 27 மீட்டர், சின்னவள் டுவிங்கி 12 மீட்டர். அவை வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் காலத்தில் புல் இருந்ததற்கு இதுவரை சான்று கிடைத்ததில்லை.

அதற்காக எந்த டைனோசரும் புல்லே தின்றதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் பிஸ்துரா என்ற ஊரில் டைனோசர் சாணம் கல்லாகிக் கிடந்தது. அதற்குள் புல்லின் நுண்துகள்கள் இருப்பதாக 2005இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அது டைனோசர்களின் கடைசிக் காலம். நெட்டையனுக்கு ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகள் பிந்தியது. இந்தக் கதையைக் கடையில் சொல்லிப் பார்த்தோம். சாணம் என்றதுமே பிள்ளைகள் நெருங்கி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால், புல்லைக் கைவிட எங்களுக்கு மனமே வரவில்லை. "பச்சைப் புல்லு, குச்சிப் பல்லு, இன்னும் வேணுமா சொல்லு!" என்ற பாட்டு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடமாகவே பாடினார்கள். ஆனாலும் பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொய்யை விட்டுவைக்க முடியுமா? இப்போது அந்த இடத்தில், "மலைபோல உடம்பு, குட்டித் தலை, வாயில பாரு பெரணி இலை!" என்று வருகிறது. இந்த வகை டைனோசர்களுக்குக் குச்சி போன்ற பற்கள். சீப்பால் வாருவதுபோல் இலையை உருவி, மெல்லாமல் விழுங்கிவிடும். புதிய படத்தில் அதையும் காட்டியிருக்கிறோம்.

பெரணி என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் புளோக்குக்குக் கீழே அழைத்துப் போங்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளில் பறவைக்கூடு மாதிரி விரிந்து உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் பெரணி வகைதான்.

நெட்டையன் பேச்சுத் தமிழில் பேசுவதையும் மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அதை மாற்றவில்லை. கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன. நண்பன் மட்டும், வீட்டில் பாட்டி பேசுவதுபோல் பேசட்டும். அப்போதுதான் பிள்ளையும் அவனோடு தமிழில் பேசும்.

முதல் பதிப்பு வைத்திருப்பவர்கள் தேக்காவில் உள்ள நம் கடைக்கு எடுத்து வாருங்கள், புதியதை மாற்றித் தருகிறோம். காசும் வேண்டாம், ரசீதும் வேண்டாம். பிள்ளை அதில் பெயர் எழுதி, வண்ணம் தீட்டி வைத்திருந்தால் தயவுசெய்து பறிக்காதீர்கள். திருத்திய இரண்டு பக்கங்களைத் தனித் தாளாகவும் அச்சிட்டிருக்கிறோம். பழைய பக்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். பாலர் பள்ளிகள் எத்தனை பிரதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கட்டி வைத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடையினர்